மண்டை ஓடும் ஜுக்கி டோக்கனும்: டெல்லிப் போராட்டங்களை யார் சேமிப்பது?

2017 மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்று கோரிக்கைகள் எல்லாம் பழையவை; கேட்ட விதம்தான் புதிது. தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டை ஓடுகளை முன்னால் அடுக்கி வைத்தார்கள். எலியைப் பல்லில் கவ்வினார்கள், பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள், சேலை கட்டினார்கள், ரோட்டில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். 41 நாள் கழித்து, ஏப்ரல் 23 அன்று, தமிழக முதல்வர் நேரில் வந்து கொடுத்த உறுதியின் பேரில் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஜூலையில் திரும்ப வந்தார்கள். அக்டோபர் 5 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சாலையில் போராட்டமே கூடாது என்று உத்தரவிட்டது. மாதக் கடைசியில் இடம் காலியானது. முழுத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 23 அன்று சொன்னது.

ஆர்.கே. புரம், மயூர் விஹார், கரோல் பாக் பக்கம் இருக்கும் நம்மாட்கள் யாரைக் கேட்டாலும் அந்த 41 நாளைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டால் செய்திப் படங்களைத்தான் தேடிப்போக வேண்டும். தமிழில் எழுதிய அட்டைகள், மண் சட்டிகள், அந்த மண்டை ஓடுகள், ராத்திரி நடைபாதையில் படுத்தபடி பேசிய பேச்சு, இதையெல்லாம் பொருளாகவும் குரலாகவும் சேர்த்து வைப்பது ஒரு தனி வேலை. அந்த வேலையை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், டெல்லியில் அது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஜந்தர் மந்தரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜன்பத். தேசிய ஆவணக் காப்பகமும் தேசிய அருங்காட்சியகமும் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் போராட்டத்துக்கும் அவற்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அதற்குச் சட்டத்திலேயே வேர் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி ஒரு பொருள் தொல்பொருளாக 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துப் படியும் ஆவணமும் என்றால் 75 ஆண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அரசு அலுவலகத்தில் உருவான ஆவணங்களைத்தான் காக்கிறது. ஆக, ஒரு போராட்டத்தைப் பற்றிக் காவல் துறை எழுதிய கோப்பு பொது ஆவணம். நினைத்தபடி அதை அழிக்க முடியாது, விதிமுறை இருக்கிறது. போராடியவர் அடித்துக் கொடுத்த நோட்டீசுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அன்று சாயங்காலமே பெருக்கித் தள்ளிவிடலாம். புதிய பொருளைச் சேர்க்கக் கூடாது என்று அருங்காட்சியகங்களை யாரும் தடுக்கவில்லைதான். சேர்த்தே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லை. எனக்கு இதில் பெரிய அநியாயம் தெரிகிறது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஆய்வாளர் வந்தால், போராட்டத்தை அடக்கியவர்கள் எழுதிய கணக்குதான் ஒழுங்காகக் கட்டிவைத்துக் கிடைக்கும்.

இந்த இடைவெளியில்தான் சின்ன அருங்காட்சியகங்களும், பல்கலைக்கழக மையங்களும், சில சமயம் பதிப்பகங்களும் நுழைகின்றன. டெல்லியின் ஜுபான் பதிப்பகம் நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகளிடம் கிடந்த சுவரொட்டிகளைத் தேடிச் சேர்த்தது. வரதட்சணைச் சாவு, பாலியல் வன்முறை, குடிநீர், கூலி என்று எழுபதுகளிலிருந்து ஒட்டப்பட்டவை, ஆயிரத்துக்கும் மேலே. அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவு மையம் வேறு வழியில் போனது. ஷாதி காம்பூர், நிஜாமுதீன் போன்ற பகுதிகளுக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களின் வீட்டுப் புகைப்படங்களையும் பேச்சையும் சேகரித்து, அந்தந்தத் தெருவிலேயே காட்சிக்கு வைத்து, அதற்கு அக்கம்பக்க அருங்காட்சியகம் என்று பெயர் கொடுத்தது. பார்க்க வந்தவர்களே தப்பைத் திருத்துவார்கள், விட்டுப்போனதைச் சொல்வார்கள். பெரிய கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தால் இது நடக்காது.

பழங்காலப் பொருளைச் சேமிப்பதற்கும் நடப்புப் போராட்டத்தின் பொருளைச் சேமிப்பதற்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. சோழர் காலச் செப்பேடு தன் வேலையை முடித்துவிட்டது. இன்றைய போராட்டத்தின் பொருள் இன்னும் வேலையில் இருக்கிறது. அது வழக்கில் சாட்சியாகப் போக வேண்டியிருக்கலாம், அடுத்த ஊர்வலத்தில் தூக்க வேண்டியிருக்கலாம், அதை வைத்திருப்பவருக்கே ஆபத்தாகவும் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்ட காப்பாளர் சேமிக்கும் விதமே மாறிவிடுகிறது.

வெளியூர் உதாரணம் ஒன்று இதை நன்றாகக் காட்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று மக்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். நகராட்சி அதை வெளியே எடுத்தது. உள்ளூர் அருங்காட்சியகமான எம் ஷெட்டின் வல்லுநர்கள் சேற்றைக் கழுவினார்கள். போராட்டக்காரர்கள் அடித்த பெயின்டைத் தொடவில்லை, உதிராமல் பத்திரப்படுத்தினார்கள். அடுத்த வருஷம் ஜூனில் சிலையைப் பீடத்தில் ஏற்றாமல், படுக்கவைத்தபடி காட்சிக்கு வைத்து, இதை என்ன செய்யலாம் என்று நகர மக்களிடமே கேட்டார்கள். அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். சிலையைத் தள்ளியதாக நால்வர் மேல் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரியில்தான் விடுதலையானார்கள். தீர்ப்பு வரும் முன்பே பொருள் காட்சியில் இருந்தது. சேற்றைக் கழுவுவது, பெயின்டை விடுவது என்ற அந்த ஒரு முடிவில் எது அழுக்கு, எது வரலாறு என்ற தீர்மானம் இருக்கிறது. நம் ஊரில் இதே சிலை கிடைத்திருந்தால் முதல் வேலையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள் என்றுதான் பயப்படுகிறேன்.

இந்தியாவில் என் மனசுக்குப் பிடித்த முன்மாதிரி போபாலில் இருக்கிறது. 2014 டிசம்பரில், விஷவாயுக் கசிவின் முப்பதாவது ஆண்டு நினைவையொட்டி, உயிர் பிழைத்தவர்களும் அவர்களோடு நின்ற இயக்கங்களும் சேர்ந்து ரிமெம்பர் போபால் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். காப்பாளராக இருந்தவர் டெல்லிப் பத்திரிகையாளர் ரமா லட்சுமி. அங்கே சுவரில் டெலிபோன் ரிசீவர்கள் மாட்டியிருக்கும். எடுத்துக் காதில் வைத்தால், ஒரு அம்மா தன் பிள்ளையின் சட்டையைப் பற்றிப் பேசுவது கேட்கும். அந்தச் சட்டை பக்கத்திலேயே இருக்கும். பார்வையாளருக்கு விளக்கம் சொல்வது அந்தப் பொருளின் சொந்தக்காரர்தான், நிபுணர் குரல் நடுவில் வருவதில்லை. அரசிடமும் கம்பெனிகளிடமும் பணம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். போராட்டம் யாரை எதிர்த்து நடக்கிறதோ அவர்கள் காசில் அதன் நினைவை நடத்த முடியாது என்பது நியாயம். அதற்குக் கொடுக்கிற விலையும் சின்னதில்லை: வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாவற்றுக்கும் நன்கொடையையே நம்பியிருக்க வேண்டும். சின்ன அருங்காட்சியகங்கள் பல இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறுகின்றன.

டெல்லிக்கு வருவோம். ஷாஹீன் பாகில் 2019 டிசம்பர் 15 முதல் 2020 மார்ச் 24 வரை குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இரும்பில் செய்த பெரிய இந்திய வரைபடம் நின்றது, இந்தியா கேட் மாதிரி ஒன்றை எழுப்பி இறந்தவர்கள் பெயரை எழுதினார்கள், பஸ் நிறுத்தத்தில் நூலகம் நடந்தது. டெல்லியில் கொரோனா ஊரடங்கு ஆரம்பமான மறுநாள் காலையிலேயே எல்லாம் அகற்றப்பட்டது. ஜாமியா பல்கலைக்கழகப் பக்கத்துச் சுவரோவியங்கள் மேல் வெள்ளையடித்தார்கள். எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம். போய் எடுத்து வைக்க ஆளில்லை. அதே வருஷம் நவம்பர் 26 அன்று டெல்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் தொடங்கிய விவசாயிகள் போராட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. டிசம்பர் 18 அன்றே அவர்கள் டிராலி டைம்ஸ் என்று பஞ்சாபியிலும் இந்தியிலும் சொந்தப் பத்திரிகை கொண்டுவந்துவிட்டார்கள். அது முதலில் அவர்களுக்குள் செய்தி போய்ச் சேரத்தான். ஆனால் தேதி, இடம், எழுதியவர் பெயர், எத்தனையோ பிரதி என்று அச்சிட்ட பத்திரிகைக்கு இருக்கும் எல்லாம் அதற்கு இருந்ததால் ஆவணமாகவும் நிலைத்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போராட்டம் நடக்கும்போதே உள்ளேயிருந்து யாராவது பதிவு செய்வதுதான் பாதி வேலை என்று தெரிகிறது. லண்டனின் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2014 முதல் இந்த மாதிரி உடனுக்குடன் சேகரிப்பதற்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறது. நம்மிடம் அதற்கு ஒரு மேஜையும் ஒரு ஆளும் போதும், ஆனால் அந்த ஆள் சம்பவம் நடக்கும் வாரத்தில் அங்கே இருக்க வேண்டும்.

சரி, பொருள் கைக்கு வந்துவிட்டது. வைத்துக் காப்பாற்றுவது எப்படி? போராட்டப் பொருட்கள் எல்லாம் மலிவானவை, நாலு நாள் தாங்கினால் போதும் என்று செய்தவை. சார்ட் பேப்பரில் அமிலம் அதிகம், சில வருஷத்தில் பழுத்து நொறுங்கும். ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்தில் வெளிறும். அதனால்தான் காகிதத்தை 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில், அதுவும் சில மாதம் மட்டும் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுகிறார்கள். செலோ டேப்பின் பசை காகிதத்துக்குள் ஊறி மஞ்சள் கறையாகிவிடும், அதை எடுக்கத் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். ஃபிளெக்ஸ் பேனர் இன்னும் மோசம். அந்த பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் எண்ணெய் மாதிரியான பொருள் மெல்ல வெளியே கசிந்து, மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டெல்லி மே மாத வெயிலில் பீரோவுக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். மடிக்காமல், அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தடித்த குழாயில் சுருட்டி, நடுவில் ஒட்டாத தாள் கொடுத்து வைக்க வேண்டும். துணிப் பேனரைத் துவைக்கவே கூடாது. அதில் இருக்கும் மண் ஜந்தர் மந்தர் மண், துவைத்தால் அது போய்விடும்.

மண்டை ஓட்டுக்கு வேறு வகைக் கவலை. மனித உடலின் பகுதியை அருங்காட்சியகம் வைத்துக்கொள்வதானால், அந்த மனிதரின் உறவுகளும் சமூகமும் என்ன நினைக்கிறார்கள் என்பதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறை சொல்கிறது. இது யாருடைய தலை, குடும்பத்துக்குத் தெரியுமா, காரியம் செய்தாயிற்றா என்று கேட்காமல் எண் போட்டு அலமாரியில் வைக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் நல்ல காப்பாளர் பொருளை வாங்காமலே விடுவார்; அதைக் கொண்டுவந்தவர் சொல்லும் கதையைப் பதிவு செய்வார், படம் எடுப்பார், பொருள் ஊருக்குத் திரும்பட்டும் என்பார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

செல்போன் படங்களுக்கும் இதே அளவு கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற உள்தகவல்கள் அழிந்துவிடும். அதையே டாகுமென்டாக அனுப்பினால் இருக்கும். எத்தனையோ பேர் வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் போராட்டப் படங்கள் இந்த ஒரு காரணத்தால் தேதியில்லாத படங்களாகக் கிடக்கின்றன. அப்புறம், ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பக் கூடாது. மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் என்பதுதான் ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் கணக்கு.

அந்தப் படங்களில் முகங்கள் இருக்கின்றன. 2020 பிப்ரவரி வடகிழக்கு டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டைப் படங்களோடு ஒப்பிட்டு 1,100க்கும் மேற்பட்டோரை முக அடையாள மென்பொருள் மூலம் கண்டுபிடித்ததாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கலவரமும் அமைதியான போராட்டமும் ஒன்றல்ல, ஆனால் மென்பொருளுக்கு இரண்டு படமும் ஒன்றுதான். ஒரு போராட்டத்தின் முகங்களைப் பெயரோடு, தேதியோடு, தெளிவாக அடுக்கி இணையத்தில் போடும் அருங்காட்சியகம், நல்லெண்ணத்தில் யாரோ ஒருவரின் தேடல் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிடலாம். அதனால் இந்தத் துறையில் சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. இப்போது காட்டலாமா, முகத்தை மறைத்துக் காட்டலாமா, பத்து வருஷம் பூட்டி வைக்கலாமா, நாளைக்கு மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. சட்டம் அனுமதித்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அதைப் பொறுமையாக விளக்க வேண்டிய கடமை போகாது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்க நமக்கு மிக நெருக்கமான இடம் ஒன்று இருக்கிறது, அல்லது இருந்தது. ஜங்புரா பக்கம் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப். அரை நூற்றாண்டாகத் தமிழர்கள் குடியிருந்த குடிசைப் பகுதி. பெண்கள் பலர் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்குப் போனார்கள். கோயில் இருந்தது, தெருவில் இட்லி மாவு விற்றது. வடிகாலில் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது என்ற காரணத்தால் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட, ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்கள்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் நரேலாவில், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் தள்ளி. வேலை ஜங்புராவில், வீடு நரேலாவில்.

தகுதி எப்படி முடிவானது? எல்லாம் காகிதம். டெல்லியின் மறுவாழ்வுக் கொள்கைப்படி 2015 ஜனவரி 1க்கு முன்பே அந்த ஜுக்கியில், அதாவது குடிசையில், இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கரண்ட் பில் என்று தேடுவார்கள். டெல்லியின் பழைய குடிசைப் பகுதிகளில் இன்னும் பழைய காகிதம் ஒன்று உண்டு: 1990இல் வி.பி. சிங் ஆட்சியில் ஜுக்கிகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த டோக்கன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் வி.பி. சிங் டோக்கன் என்றால் எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்திலும் தீயிலும் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது அதைத்தான். ஓர் அருங்காட்சியகத்துக்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது. சொந்தக்காரர் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் நாளைக்கு மேல்முறையீட்டில் அதைக் காட்ட வேண்டியிருக்கும். இன்னும் வேலையில் இருக்கும் பொருள் என்று மேலே சொன்னது இதைத்தான். இங்கே செய்ய வேண்டியது, நல்ல ஸ்கேனரோடு வீட்டுக்கே போய், அசலை அவர்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்து, அங்கேயே கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு பிரிண்ட் அவுட்டும் தருவது. அந்தப் பிரதி அருங்காட்சியகத்துக்குக் காட்சிப்பொருள், அவர்களுக்கு அசல் தொலைந்தால் ஒரு பிடி.

பேச்சைப் பதிவு செய்யும் விதமும் இங்கே முக்கியம். “எப்ப வந்தீங்க அக்கா?” என்று ஆரம்பித்தால் வருஷம் வராது. “மூத்தவன் பொறந்தப்ப எங்க இருந்தீங்க, அப்ப மேல சிமெண்ட் ஷீட்டா தார்ப்பாயா?” என்று கேட்டால் வருஷமும் வரும், வீடு கட்டிய கதையும் வரும். அவர்கள் பேசும் தமிழில் இந்தி பாதி கலந்திருக்கும், ஊர்ப் பேச்சு மீதி. எழுத்தில் பெயர்க்கும்போது அதைப் பாடநூல் தமிழாக மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் டெல்லியில் ஐம்பது வருஷம் வாழ்ந்த தடயமே அழிந்துபோகும். இடிப்பை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவர்களை மட்டும் தேடிப் போவதும் தப்பு. மனு எழுத உட்கார்ந்தவர், எல்லோருக்கும் டீ போட்டவர், பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தவர், தகுதி கிடைத்ததால் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றுபோனவர், இவர்களும் சேர்ந்ததுதான் அந்தப் போராட்டம். அந்தக் கசப்பை விட்டுவிட்டால் பதிவு வெறும் புகழ்மாலை ஆகிவிடும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இருக்கிறது, நூலகத்தோடு. தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் உண்டு, வகுப்பில் அந்தப் பிள்ளைகளே இருக்கிறார்கள். ஓர் அலமாரி, ஒரு ஸ்கேனர், அமிலமில்லாத தாள் உறைகள், பூட்டு, யார் திறக்கலாம் என்று எழுதிய ஒரு பக்க விதிமுறை. அந்த விதிமுறையை எழுதும் குழுவில் கேம்பில் இருந்தவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும்; இல்லையென்றால் படித்தவர்கள் சேர்ந்து இன்னொருவர் துன்பத்தைக் காட்சிக்கு வைத்த கதையாகிவிடும். நரேலாவுக்குப் போன குடும்பங்களை எப்போது போனாலும் கண்டுபிடிக்கலாம், முகவரி இருக்கிறது. தகுதியில்லை என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டுக்கும் ஊருக்கும் சிதறியிருக்கின்றன, வாடகை கூடும்போதெல்லாம் இடம் மாறும், செல்போன் நம்பரும் மாறும். பதிவை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் இந்த வருஷமே.